வெள்ளியை வெட்டியவன் எங்கே?

மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் பணத்தை 'வெள்ளி' என்று சொல்லிப் பழகியவர்கள். கடைக்காரர் கத்தரிக்காய்க்கு விலை சொல்லும்போதும், தாய் தன் பிள்ளையின் பேருந்துக் கட்டணத்தை எண்ணிக் கொடுக்கும்போதும் வாயில் வரும் சொல் அதுதான். ஆனால் நம் கையில் புழங்கும் தாளில் வெள்ளி இல்லை. சட்டைப் பையில் கிடக்கும் சில்லறையிலும் வெள்ளி இல்லை. உலோகம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஒரு காலத்தில் இப்பகுதியின் துறைமுகங்களில் மெய்யான வெள்ளிக் காசுகள் கைமாறின. இசுப்பானியர் அச்சடித்த பெரிய வெள்ளிக் காசு அவற்றுள் தலையாயது. அக்காசின் பல்வெட்டு விளிம்பைக் கண்ட மலாய் மக்கள் அதனை 'ரிங்கிட்' என்றனர். அதன் உலோகத்தைக் கண்ட தமிழர் 'வெள்ளி' என்றனர். ஆங்கிலேயர் 'டாலர்' என்றனர். மலாய்ச் சொல் விளிம்பைக் குறிக்கிறது. தமிழ்ச் சொல் உலோகத்தைக் குறிக்கிறது. ஆங்கிலச் சொல் எதைக் குறிக்கிறது? அது ஒரு பள்ளத்தாக்கைக் குறிக்கிறது.

'தால்' என்னும் செருமானியச் சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்பது பொருள். இன்றைய செக் நாட்டின் வடமேற்கு எல்லையில், மலைகளுக்கு நடுவே, யோவாக்கிம்ஸ்தால் என்றோர் ஊர் உண்டு. புனித யோவாக்கிமின் பள்ளத்தாக்கு என்பது அப்பெயரின் பொருள். செக் மொழியில் அதனை யாகிமோவ் என்பர். அங்கு அச்சான வெள்ளிக் காசுக்கு 'யோவாக்கிம்ஸ்தாலர்' என்று பெயர் வந்தது. நீண்ட பெயரை மக்கள் நாக்கு பொறுக்குமா? அது 'தாலர்' எனக் குறுகிற்று, வடபுல மொழிகளில் 'டாலர்' எனத் திரிந்தது, ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அமெரிக்க நாடு 1792ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தில் அதனைத் தன் பணத்தின் பெயராக நிலைநாட்டிற்று. டாலர் அமெரிக்காவில் பிறந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே மிகப் பலர். அதன் தாய்மண் ஒரு போகேமியச் சுரங்க ஊர் என்பதை அவர்கள் அறியார்.

அந்தத் தாய்க் காசை ஐரோப்பிய நகர் ஒன்றின் அரும்பொருளகத்தில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் கண்டேன். கண்ணாடிப் பேழைக்குள், கருந்துணியின் மேல், ஒரு சிறு விளக்கின் ஒளியில் அது கிடந்தது. அருகே ஒரு விளக்கச் சீட்டு. அதனை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: தாலர்; வெள்ளி; 1525; ஷ்லிக் பிரபுக்கள்; யோவாக்கிம்ஸ்தால் அக்கசாலை; பின்முகத்தில் போகேமியச் சிங்கம்; எடை இவ்வளவு. எல்லாம் இருந்தன. எதுவும் விடுபட்டதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. இதை மறைக்காமல் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஊர் திரும்பியதும் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் அக்காசின் படத்தைக் காட்டிப் பேசினேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கொண்டு செல் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே 'வெள்ளி' என்னும் சொல்லில் தொடங்கி, டாலர் வழியாக, யோவாக்கிம்ஸ்தால் வரை மாணவர்களை அழைத்துச் சென்றேன். பாடம் நன்றாக நடந்ததென்று மனத்துக்குள் மகிழ்ந்துகொண்டிருந்த வேளையில் பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "ஐயா, அந்த வெள்ளியை மண்ணுக்குள்ளேயிருந்து யார் எடுத்தாங்க?" என்று கேட்டாள். "சுரங்கத் தொழிலாளர்கள்" என்றேன். "அவுங்க பேரு காசுல இருக்கா, ஐயா?" என்றாள். இல்லை என்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். நான்தான் அமர முடியாமல் நின்றேன். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் அந்தக் கேள்வியை நான் ஒருமுறையேனும் எழுப்பியதில்லை. அந்தப் பேழைக்கு விளக்கச் சீட்டு எழுதிய அறிஞரும் எழுப்பவில்லை.

இக்கட்டுரை அந்தச் சிறுமிக்கு நான் கடன்பட்டிருக்கும் மறுமொழி.

காசு யாருடைய வாக்குமூலம்?

முதலில் அந்தக் காசு என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம். ஏறத்தாழ 29 கிராம் எடை. முன்முகத்தில் புனித யோவாக்கிம் நிற்கிறார். அவர் அருகே ஷ்லிக் குடும்பத்தின் கேடயச் சின்னம். சுற்றிலும் இலத்தீன் எழுத்துகள்: ஸ்டீபன் என்பவரும் அவர் உடன்பிறந்தாருமாகிய ஷ்லிக் பிரபுக்களின் சின்னம் இது என்று அவை அறிவிக்கின்றன. பின்முகத்தில் இரட்டை வால் கொண்ட போகேமியச் சிங்கம். சுற்றிலும் லூத்விக் மன்னரின் பெயர்.

கவனியுங்கள். காசில் நான்கு பேருக்கு இடமிருக்கிறது: புனிதருக்கு இடமுண்டு, பிரபுவுக்கு இடமுண்டு, மன்னருக்கு இடமுண்டு, சிங்கத்துக்கும் இடமுண்டு. பிரபுவின் தம்பிமார்கூட 'உடன்பிறந்தார்' என்ற பொதுப்பெயரில் ஓரமாக ஒட்டிக்கொண்டுவிட்டனர். வெள்ளியை வெட்டியவனுக்கு மட்டும் இடமில்லை. இதற்காகக் காசைக் குறை சொல்ல வேண்டியதில்லை. காசு பிரபுவின் வாக்குமூலம். தன் காசில் தன் சின்னத்தைப் பொறிப்பது அவர் விருப்பம். ஆனால் அரும்பொருளகம் பிரபுவின் அலுவலகம் அன்று. அதன் அறிஞர் பிரபுவின் எழுத்தரும் அல்லர். ஐந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் பிரபு தம்மைப்பற்றிச் சொல்லிக்கொண்டதையே திருப்பிச் சொல்வதற்கு ஓர் அறிஞர் எதற்கு? காசிலுள்ள எழுத்தே போதுமே!

வழக்கு மன்றத்தில் ஒரு தரப்பின் சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நடுவரை நாம் நடுவர் என்று ஏற்போமா? ஏற்கமாட்டோம். நாணயவியலார் மட்டும் அப்படி எழுதலாம் என்று யார் உரிமை கொடுத்தது?

வெள்ளி வந்த வழி

அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளிப் படிவம் கண்டறியப்பட்டதும், 1516இல் ஊர் நிறுவப்பட்டது. வெள்ளியைத் தேடி நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தனர். இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் அங்கே ஏறத்தாழ 18,000 பேர் வாழ்ந்தனர். 1520இல் போகேமிய நாட்டு மன்றம் ஷ்லிக் குடும்பத்தின் நாணய உரிமைக்கு இசைவளித்தது. பெரிய வெள்ளிக் காசு என்பது அவர்களின் புத்தாக்கமும் அன்று. 1486இலேயே தைரோல் நாட்டு ஹால் என்னும் ஊரில் அத்தகைய காசு அச்சாகியிருந்தது. யோவாக்கிம்ஸ்தால் காசு பெயர் பெற்றதற்குக் காரணம் அதன் பெருந்தொகை. இலட்சக்கணக்கில் அச்சாகிச் சந்தையெங்கும் பரவியதனால்தான் அவ்வூர்ப் பெயரே காசின் பெயராயிற்று. அந்தப் பெருந்தொகையைக் கொடுத்தது எது? பிரபுவின் சின்னமா? அல்ல. மலையைக் குடைந்த கைகள்.

அந்தக் கைகள் செய்த வேலையை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அதை நேரில் கண்டு எழுதிய ஒருவர் இருக்கிறார். கியோர்கியுஸ் அக்ரிகோலா என்பது அவர் பெயர். இளமையில் சுவிக்காவ் நகரப் பள்ளியில் கிரேக்கம் கற்பித்தவர். பின்னர் மருத்துவம் பயின்று, 1527 முதல் சில ஆண்டுகள் யோவாக்கிம்ஸ்தாலில் நகர மருத்துவராக இருந்தவர். உலோகத் தொழிலைப்பற்றி அவர் இலத்தீனில் எழுதிய 'தே ரே மெத்தாலிக்கா' என்னும் பெருநூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1556இல் பேசல் நகரில் வெளிவந்தது. பன்னிரண்டு பகுதிகள், பக்கந்தோறும் சொல்லத்தக்க அளவுக்கு மரச்செதுக்குப் படங்கள். அந்நூலை 1912இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவியாரும். அந்த ஹூவரே பின்னர் டாலர் நாட்டின் அதிபரானார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அக்ரிகோலா காட்டும் உலகத்தைப் பாருங்கள். நாளின் இருபத்து நான்கு மணி நேரம் மூன்று முறைகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஏழு மணி நேரம். இடையிலுள்ள மூன்று மணி நேரம் ஆட்கள் வருவதற்கும் போவதற்கும். இரவு முறையில் உறக்கம் தாக்காதிருக்கத் தொழிலாளர் பாட்டுப் பாடுகின்றனர். சுத்தியலும் இரும்பு உளியும் கொண்டு பாறையை உடைக்கின்றனர். உடையாத பாறையின்மேல் விறகடுக்கித் தீ மூட்டி, வெப்பத்தால் அதை நொறுங்கச் செய்கின்றனர். இராட்டினம் சுற்றித் தாதுக் கூடைகளை மேலே ஏற்றுகின்றனர். ஊறிவரும் நீரை ஓயாமல் இறைக்கின்றனர். மேலே வந்த தாதுவை மேசைமேல் பரப்பித் தரம் பிரிப்போர் பெண்களும் சிறுவர்களும். அதன் பின்னர் இடித்தல், கழுவுதல், உருக்குதல். வெள்ளியை ஈயத்தோடு சேர்த்து உருக்கி, துருத்திக் காற்றால் ஈயத்தை எரித்துப் பிரித்துத் தூய வெள்ளியை எடுக்கின்றனர். அந்த ஈயப் புகை உலைக்களத்து ஆளின் மூச்சில்தான் கலக்கிறது. கடைசியில் அக்கசாலையில் வெள்ளித் தகட்டை அச்சின்மேல் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்கின்றனர். அந்த ஓர் அடியில்தான் ஷ்லிக் பிரபு காசுக்குள் நுழைகிறார்! அதுவரை நடந்த ஆயிரம் அடிகளில் அவர் இல்லை.

ஆயிரம் அடிகளைக் கணக்கில் எடுக்காமல், கடைசி அடியை மட்டும் விளக்கச் சீட்டில் எழுதுவது எந்தக் கணக்கு?

அந்த 1525

பேழையிலிருந்த சீட்டில் 1525 என்ற ஆண்டு தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அந்த ஆண்டைப் படிக்கும் பார்வையாளர் அதை ஓர் எண்ணாக மட்டுமே கடந்து போவார். நானும் அப்படித்தான் கடந்து போனேன். அது எத்தகைய ஆண்டு? செருமானிய நாடுகளில் உழவர்கள் பிரபுக்களுக்கு எதிராக எழுந்து, கொடூரமாக அடக்கப்பட்ட ஆண்டு. அதே ஆண்டு மே மாதம் யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தனர். நகர மன்றத்துக்குள் புகுந்தனர். தங்கள் குறைகளைப் பகுதி பகுதியாக எழுதி முன்வைத்தனர். உழவர் எழுச்சி குருதியில் முடிந்தது. இந்த எழுச்சியோ பேச்சுவார்த்தையில் உடன்பாடாக முடிந்தது.

இதன் பொருள் என்ன? அந்தக் காசின்மேல் பொறித்த ஆண்டும், அக்காசின் வெள்ளியை வெட்டியவர்கள் வாய்திறந்து பேசிய ஆண்டும் ஒன்றே. காசையும் கிளர்ச்சியையும் ஓர் எண் இணைத்து நிற்கிறது. பிரபு அதே ஆண்டில் அச்சடித்துக்கொண்டிருந்தார். தொழிலாளர் அதே ஆண்டில் எழுதிக்கொண்டிருந்தனர். பிரபு அச்சடித்தது பேழைக்குள் போயிற்று. தொழிலாளர் எழுதியது சீட்டில் ஒரு வரிகூடப் பெறவில்லை. "பாமரர் தங்களைப்பற்றி எதையும் விட்டுச் செல்லவில்லை; நாங்கள் என்ன செய்வது?" என்று கைவிரிப்போர் இந்த இடத்தில் விடை சொல்ல வேண்டும். அவர்கள் விட்டுச் சென்றார்கள். நாம்தான் எடுத்துப் படிக்கவில்லை.

மறு ஆண்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1526 ஆகஸ்டு 29ஆம் நாள், ஹங்கேரியில் மோகாச் என்னுமிடத்தில் துருக்கியப் படையோடு நடந்த போரில் தோற்று லூத்விக் மன்னர் மாண்டார். ஸ்டீபன் ஷ்லிக்கும் அங்கேயே மாண்டார். 1528இல் புதிய மன்னர் பெர்டினாந்து நாணய உரிமையை அக்குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொண்டார். ஆக, காசில் பெயர் பொறித்த இருவருமே இரண்டாண்டுக்குள் மறைந்தனர், சின்னமும் போயிற்று. சுரங்கத்தில் வேலை நின்றதா? நிற்கவில்லை. பிரபு இல்லாமல் வெள்ளி வந்தது; மன்னர் மாறியும் வெள்ளி வந்தது. தொழிலாளி இல்லாமல் ஒரு நாளேனும் வந்ததுண்டா?

நுரையீரலில் எழுதிய கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் முதுமொழி. சுரங்கம் வெட்டியவனுக்கு மூச்சும் மிஞ்சவில்லை. உலர்ந்த சுரங்கத்தின் தூசி மூச்சுக்குழலிலும் நுரையீரலிலும் புகுந்து அரிக்கிறது என்று அக்ரிகோலா எழுதினார். கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களில் ஒருத்தி ஒருவர்பின் ஒருவராக ஏழு கணவரை மணந்து, எழுவரையும் அந்நோய்க்குப் பறிகொடுத்த நிலையும் உண்டென அவர் பதிந்துள்ளார். சுரங்க நோய்பற்றிப் பாராசெல்சுஸ் என்னும் மருத்துவர் தனி நூலே எழுதினார். அது 1567இல் அச்சேறியது. அந்த மலையின் சாக்சனிப் பக்கத்தில் சினீபெர்க் என்னும் ஊர்ச் சுரங்கத் தொழிலாளரைத் தாக்கிவந்த நோய் நுரையீரலில் எழும் கொடிய கட்டி என்பதை 1879இல் இரு மருத்துவர்கள் உறுதிசெய்தனர். தூசி மட்டுமன்று, பாறையிலிருந்து கசியும் கதிரியக்க வளியாகிய ரேடானும் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று.

ஏனெனில் அந்த மலையில் வெள்ளி மட்டும் இல்லை. வெள்ளி வேட்டையில் பயனற்றதென ஒதுக்கப்பட்ட ஒரு கரிய கனிமம் அங்கே குவிந்திருந்தது. மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவரும் 1898இல் ரேடியத்தைக் கண்டறிந்தபின், அதனைப் பிரித்தெடுப்பதற்கு யோவாக்கிம்ஸ்தாலின் கழிவுத் தாதுவையே வண்டி வண்டியாகத் தருவித்தனர். அதன் பின்னர், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், அதே ஊரின் யுரேனியச் சுரங்கங்களில் செக்கோசுலவாக்கிய அரசு அரசியல் கைதிகளைக் கொண்டு கட்டாய வேலை வாங்கிற்று. வெள்ளிக்காகக் குடையத் தொடங்கிய மலை ரேடியம் கொடுத்தது, யுரேனியம் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் உலகம் பொருளின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டது. பொருளை எடுத்தவனை மறந்தது. 2019இல் அம்மலைப்பகுதியை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு உலக மரபிடமாக ஏற்றது. மகிழ்ச்சி. மலைக்குக் கிடைத்த மதிப்பு, மலைக்குள் மாண்டவனுக்கும் கிடைக்க வேண்டுமன்றோ?

எதிர்ப்போர்க்கு விடை

இக்கருத்தை நண்பர் பலரிடம் பேசிப் பார்த்தேன். மறுப்புகள் எழுந்தன. அவற்றை ஒதுக்காமல் எடுத்துக்கொள்வதே முறை.

"பெயர் தெரியாதவர்களைப்பற்றி எப்படி எழுதுவது?" என்றார் ஒருவர். பெயர் தெரியாவிட்டால் என்ன, வேலை தெரியுமே! ஏழு மணி நேர முறை தெரியும். இரவில் பாடியது தெரியும். 1525இல் எழுந்தது தெரியும். எந்நோயால் மாண்டனர் என்பது தெரியும். பல சிற்றரசர்களைப்பற்றி நமக்கு இவ்வளவுகூடத் தெரியாது. ஆயினும் அவர்களைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம்.

"விளக்கச் சீட்டில் இடம் ஏது?" என்றார் மற்றொருவர். இடமில்லை என்பது உண்மையானால், எதை விடுவது என்பதே கேள்வி. எடையை மில்லிகிராம் வரை எழுத இடமிருக்கிறது. இதனை எழுத இடமில்லையா? நானே ஒரு சீட்டு எழுதிப் பார்த்தேன்:

"தாலர். வெள்ளி. 1525. போகேமியா, யோவாக்கிம்ஸ்தால். ஷ்லிக் பிரபுக்களின் சின்னமும் லூத்விக் மன்னரின் பெயரும் உடையது. ஏழு மணி நேர முறைகளில் நிலத்தடியில் உழைத்தோர் வெட்டிய வெள்ளி. இவ்வாண்டு மே மாதம் அவர்கள் உரிமை கோரி எழுந்தனர். சுரங்கக் காற்று அவர்களுள் பலர் நுரையீரலைத் தின்றது. 'டாலர்' என்னும் சொல் இவ்வூரிலிருந்து வந்தது."

எண்ணிப் பாருங்கள், நாற்பது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. பிரபுவையும் நான் நீக்கவில்லை, மன்னரையும் நீக்கவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் தொழிலாளியை நிறுத்தினேன். அவ்வளவே.

"இது அரசியல், அரும்பொருளகத்துக்கு அரசியல் ஆகாது" என்றார் இன்னொருவர். பிரபுவின் பெயரை மட்டும் எழுதுவது அரசியல் இல்லையா? ஒருவனைச் சொல்லி ஒருவனை விடுவதில் ஒரு சார்பு இருக்கத்தான் செய்கிறது. நீண்ட நாள் பழகிய சார்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைத்தான் நடுநிலை என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

நான்காவது மறுப்பு கனமானது. "அந்தத் தொழிலாளர் அடிமைகள் அல்லர், கூலி பெற்றவர்கள், சலுகை பெற்றவர்கள், தமக்கெனச் சங்க நிதி வைத்திருந்தவர்கள். அவர்களை இரங்கத்தக்கவர்களாகக் காட்டுவது பொய்" என்றார் வரலாறு கற்ற ஓர் அன்பர். அவர் சொன்னது உண்மை. தென் அமெரிக்காவில் பொதோசி வெள்ளி மலைக்கு ஊரூராக முறைவைத்துக் கட்டாயமாக அனுப்பப்பட்ட பழங்குடி மக்களின் நிலை வேறு. போகேமியச் சுரங்கத்தார் நிலை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது அறியாமை. ஆனால் அன்பரின் உண்மை என் வழக்கை வலுப்படுத்தவே செய்கிறது. நான் இரக்கம் கேட்கவில்லை. கணக்கில் இடம் கேட்கிறேன். திறமையுடைய, பெருமிதமுடைய, தம் உரிமையைத் தாமே எழுதத் தெரிந்த மக்கள் அவர்கள். அத்தகையோரையே சீட்டிலிருந்து விட்டுவிட முடியுமென்றால், வாயில்லாத மற்றவர் கதி என்ன?

ஆசிரியர் செய்ய வேண்டியது

அரும்பொருளகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. வகுப்பறையும் ஒரு பேழைதான். ஆசிரியர் சொல்லும் சொல்லே அங்கு விளக்கச் சீட்டு. எந்த மன்னர் எந்த ஆண்டில் ஆண்டார் என்பதைக் கரும்பலகையில் எழுதி, அதை மனப்பாடம் செய்யச் சொல்லி, தேர்வில் அதையே கேட்டு, வரலாறு கற்பித்துவிட்டதாக நிறைவு கொண்டவன் நான். என் தந்தையார் இரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். கப்பலேறிய இரப்பர்ப் பொதியின்மேல் தோட்டத்தின் முத்திரை இருந்தது. அவர் பெயர் இருக்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கே, கண்ணாடிப் பேழைமுன் நின்றபோது அந்தக் கேள்வி எழவில்லை என்றால், நான் பெற்ற கல்வி எதைக் கற்றுக்கொடுத்தது? பிறர் எழுதிய சீட்டைப் பிழையின்றிப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. சீட்டில் இல்லாததைப் படிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

இதற்கு மாற்று வழி அந்த யோவாக்கிம்ஸ்தாலிலேயே இருந்தது. 1532இல் அவ்வூர் இலத்தீன் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தவர் யோகானஸ் மத்தேசியுஸ். பின்னர் அதே ஊரில் சமயப் போதகரானார். சுரங்கத் தொழிலாளர்க்கு அவர் ஆற்றிய உரைகள் 'சரெப்தா' என்னும் பெயரில் 1562இல் நூலாக வெளிவந்தன. அவ்வுரைகளில் அவர் கையாண்டது அரண்மனை மொழியன்று, சுரங்கத்தின் மொழி. தாதுவும் உலையும் கருவியும் அவர்தம் உவமைகளாயின. தன்முன் அமர்ந்திருப்பவன் எந்த உலகத்திலிருந்து வருகிறான் என்பதை அறிந்து பேசிய தலைமையாசிரியர் அவர். நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பாடம் எனக்குப் புதிதாகவே இருக்கிறது என்பதைத் தலைகுனிந்து சொல்கிறேன்.

ஆகவே சக ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகளை அரும்பொருளகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் சீட்டைப் பார்த்தெழுதும் பயிற்சித் தாளை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். காசானாலும் வாளானாலும் பீங்கான் கிண்ணமானாலும், அதன்முன் நின்று மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: இதன் மூலப்பொருளை எடுத்தவர் யார்? இதைச் செய்தவர் யார்? இதில் பெயர் பொறித்துக்கொண்டவர் யார்? மூன்றுக்கும் ஒரே விடை வருவது அரிது. அந்த மூன்று விடைகளுக்கும் இடையே உள்ள தொலைவுதான் வரலாறு. சீட்டில் விடை இல்லையென்றால், அரும்பொருளகத்தார்க்கு மாணவரே ஒரு மடல் எழுதட்டும். யோவாக்கிம்ஸ்தால் தொழிலாளர் தம் குறைகளை எழுதினார்கள்; நம் பிள்ளைகள் எழுதக்கூடாதா?

அந்தக் காசின் படத்தை இன்று என் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதன்கீழ் நான் எழுதிய சீட்டை ஒட்டியிருக்கிறேன். கேள்வி கேட்ட சிறுமி அதனை வாசித்துப் பார்த்தாள். "பேரு இன்னும் இல்லையே, ஐயா" என்றாள். உண்மைதான், பெயர் இல்லை. பெயர்களை மீட்டுத் தரும் ஆற்றல் எனக்கில்லை. ஆயினும், பெயர் ஒன்று இருந்தது என்பதையும், அது விடுபட்டது என்பதையும் அவள் இனி மறக்கமாட்டாள். ஒவ்வொரு நாளும் கடையில் 'வெள்ளி' என்று சொல்லும் நாமும் மறவாதிருப்போமாக.